பவுனுக்குத் தெரிந்த இந்தி

பவுனைப் பொறாமைக்காரி என்று சொல்லாதவர்கள் கசார்வாடியில் அந்த வரிசையில் யாருமில்லை. அவளும் அதை மறுத்ததில்லை. பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் கொஞ்சம் வேகமாக விழுந்தால் அவளுக்குப் பொறுக்காது. எதிர்வீட்டு விசாலாக்ஷி கலர் டிவி வாங்கியபோது, ரெண்டே மாசத்துல கலரெல்லாம் வெளுத்துரும் என்று வாசலில் நின்று சொன்னவள் அவள்தான். டிவி வெளுக்கவில்லை. அதற்கும் இரண்டு நாள் வருத்தப்பட்டாள்.

ஆனால் இதெல்லாம் கொசுக்கடி. கடிக்கிற நேரம் சொறிந்துகொண்டால் போய்விடும். பவுனின் வாழ்க்கையில் உண்மையான பொறாமை ஒன்றே ஒன்றுதான். அது பன்னிரண்டு வருஷம் அவளோடு பஸ் ஏறி இறங்கியது, அவளோடு சாப்பிட்டது, அவளோடு படுத்தது. அந்தப் பொறாமையின் பெயர் மும்தாஜ்.

பவுன் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்த மாடசாமியைக் கட்டிக்கொண்டு எண்பத்தெட்டில் புனேக்கு வந்தாள். வந்து ஒரு வருஷத்துக்குள் அவளுக்கு வேண்டிய இந்தியை அவளே காய்கறி வண்டிக்காரர்களிடம் கற்றுக்கொண்டாள். எவ்வளவு, குறைச்சுக்கொடு, வேண்டாம்: கித்னா, கம் கரோ, நஹி சாஹியே. இன்னும் கொஞ்ச நாளில் ஆவோ, ஜாவோ, பைட்டோ, உட்டோ, சுப் என்று வா, போ, உட்கார், எழுந்திரு, வாயை மூடு எல்லாம் சேர்ந்துகொண்டன. வாங்கவும் விரட்டவும் அது போதும். மனிதர்களிடம் வேறெதற்கு இந்தி பேசவேண்டும் என்று அவள் நினைத்தாள். பேச்சு என்றால் அவளுக்குத் தமிழ்தான். வாய் திறந்தால் மூட மாட்டாள். மாடசாமி அதற்கு நேர் எதிர்; சாப்பாடு போட்டால் சாப்பிடுவான், போடாவிட்டால் ஏன் என்று கேட்கமாட்டான்.

தொண்ணூறில் அம்மு பிறந்தாள். நடக்க வேண்டிய வயதில் நடந்தாள், ஓட வேண்டிய வயதில் ஓடினாள். பேச வேண்டிய வயதில் பேசவில்லை. தட்டைச் சுழற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்குப் பின்னால் தடதடவென்று லோகல் ரயில் போனால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். ஆனால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் கட்டிலுக்கு அடியில் போய்க் காதைப் பொத்திக்கொள்வாள். தமிழ்க்காரப் பிள்ளைகளிடம் இது சகஜம் என்று வட்டாரத்தில் எல்லோருக்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளிக்கூடத்தில் மராட்டி, பிள்ளை எதைத்தான் பிடிக்கும்? ஆறு வயதில் சேர்த்துவிட்ட நகராட்சிப் பள்ளிக்கூடத்து டீச்சரும் இரண்டு வாரத்தில் அதையே சொல்லி அம்முவைத் திருப்பி அனுப்பினாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்தான் அது பாஷைக் கோளாறு இல்லை என்று சொன்னார். ஆட்டிசம் என்று ஒரு பெயரும் சொன்னார். பவுனுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. மருந்து உண்டா என்று கேட்டாள். மருந்து இல்லை, பள்ளிக்கூடம் உண்டு என்றார் அவர். கேம்ப் பகுதியில் ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காக இரண்டு அறையில் ஒரு பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது.

அங்கே டீச்சர் ஸ்நேஹா. மராட்டிக்காரப் பெண், இருபத்துநாலு வயதுதான் இருக்கும், நல்ல மனசு. பிள்ளைகளை அடிப்பதில்லை, திட்டுவதில்லை. எதைச் செய்ய வேண்டுமோ அதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்தாள்: செருப்பைக் கழற்று, பையை மாட்டு, உட்கார். முதல் நாளே பவுனை எதிரில் உட்காரவைத்து ஒரு விதியும் சொன்னாள். வகுப்பு இந்தியில் நடக்கிறது. அதனால் வீட்டிலும் இந்திதான். இரண்டு மொழி அவள் தலைக்குள் முட்டிக்கொண்டால் இரண்டுமே வராது. இன்றிலிருந்து அம்முவிடம் யாரும் தமிழ் பேசக்கூடாது.

மாடசாமிக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. அவன் தமிழிலேயே பேசாதவன். பவுனுக்குத்தான் வாயைத் தைத்த மாதிரி ஆகிவிட்டது. பெற்ற பிள்ளையிடம் என்ன இந்தி பேசுவது? ஆவோ என்றாள். பைட்டோ என்றாள். சோறு போட்டுக் காவோ என்றாள். சுப், உட்டோ. கறிகாய்க்காரனிடம் பேசியதையெல்லாம் பிள்ளையிடம் பேசினாள். கொஞ்ச வேண்டும் போல இருந்தபோது அவளிடம் சொல் இல்லை. ஏட்டி, என் தாயி, என் ராசாத்தி என்றெல்லாம் நாக்கு நுனிவரைக்கும் வரும், கடித்து விழுங்குவாள்.

ஒரே ஒரு நேரத்தில் மட்டும் விதி நழுவியது. அம்முவுக்குச் சுருட்டை முடி. காலையில் சிக்கெடுக்கும்போது கத்துவாள், கையைத் தட்டிவிடுவாள். அப்போது பவுனின் வாய் அவளைக் கேட்காமலே தமிழ் பேசிவிடும். “இந்தா ஆயிட்டு, ஆயிட்டு” என்று இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டே சீப்பை இறக்குவாள். பின்னல் போட்டு முடிக்கும்வரை அதேதான். முடிந்ததும் பதறுவாள். அந்த வாரம் பிள்ளை வகுப்பில் அடம் பிடித்தாள் என்று டீச்சர் சொன்னால், எல்லாம் இந்தப் பாழும் வாயால் வந்தது என்று தன் வாயிலேயே போட்டுக்கொள்வாள். மறுநாள் காலை மறுபடியும் அந்த வாய் அதையே சொல்லும்.

பள்ளிக்கூடத்தில் ஆயா மும்தாஜ். ஏரவாடாவிலிருந்து வருவாள். பவுன் வயதுதான். ஒடிசலான உடம்பு, சத்தமில்லாத நடை. பிள்ளைகளைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, ஊட்டிவிடுவது, மூக்கைத் துடைப்பது அவள் வேலை. பவுன் முதலில் அவளைக் கவனிக்கவே இல்லை. அம்மு கவனித்துவிட்டாள். யார் தொட்டாலும் உதறுகிற பெண், மும்தாஜின் துப்பட்டா முனையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பவுனின் கையை உருவிக்கொண்டு கேட்டுக்கு ஓடுவாள். திரும்பிப் பார்ப்பதில்லை. சாயங்காலம் கூப்பிடப் போனால் வரமாட்டேன் என்று தரையில் உட்காருவாள்.

அடுத்த வருஷம் ஒரு நாள் ஸ்நேஹா டீச்சர் கேட்டுக்கே ஓடிவந்து பவுனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அம்மு பேசிவிட்டாளாம். மும்தாஜிடம் டம்ளரை நீட்டி, பானி என்று கேட்டாளாம். டீச்சர் கண்ணில் தண்ணீர். மற்றத் தாய்மார்கள் எல்லோரும் கைதட்டினார்கள், ஒருத்தி பேடா வாங்கி வந்தாள். பவுன் சிரித்துக்கொண்டே பேடாவைத் தின்றாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு மாடசாமியிடம் கொட்டித் தீர்த்தாள்.

“பெத்தவ நான். பீ மூத்திரம் அள்ளுனவ நான். மொதோ வார்த்த அவகிட்ட. அதுவும் இந்தியில.”

தண்ணிதானே கேட்டா, கேட்டுட்டுப் போறா என்றான் மாடசாமி. அவன் வருஷத்துக்கு ஒருமுறை சொல்கிற உருப்படியான வாக்கியம் அது. பவுன் அவனுக்கு அன்று சோறு போடவில்லை.

அதன்பிறகு பவுனுக்கு மும்தாஜ் செய்வதெல்லாம் கண்ணைக் கரித்தது. அவள் பேசுகிற இந்தி கரித்தது. பவுன் பேசினால் ஒவ்வொரு சொல்லும் கல்லாய் விழும். மும்தாஜ் பேசினால் தாலாட்டு மாதிரி இருக்கும். அவள் அம்முவுக்கு டீயில் நனைத்த காரி பிஸ்கட் கொடுப்பதை ஒரு நாள் பார்த்துவிட்டு நேராக டீச்சரிடம் போனாள். கண்ட நேரத்தில் கண்டதைக் கொடுத்துப் பிள்ளை வயிற்றைக் கெடுக்கிறாள் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் புகார் செய்தாள். மும்தாஜுக்கு எல்லோர் முன்னாலும் திட்டு விழுந்தது. மும்தாஜ் பவுனை ஒரு தரம் பார்த்தாள். பிஸ்கட் நின்றது. அம்மு துப்பட்டாவைப் பிடிப்பது நிற்கவில்லை.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்னு சும்மாவா சொன்னாங்க, அந்தப் பொம்பளைக்குப் புண்ணியம் என்று விசாலாக்ஷி ஒரு நாள் சொன்னாள். “அவ ஊட்டுறா. நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று பவுன் கேட்டாள். விசாலாக்ஷி அந்தப் பழமொழியை அதற்குமேல் யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விட அவள் வயிற்றை எரித்தது ஒன்று உண்டு. மழைக்காலத்தில் இடி இடித்து அம்மு வகுப்பில் மேஜைக்கு அடியில் போய் ஒடுங்கினால் மும்தாஜும் குனிந்து உள்ளே போவாள். அவள் காதோடு வாய் வைத்து எதையோ சொல்வாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் வெளியே வந்துவிடுவார்கள். ஜன்னல் வழியாகப் பவுன் இதைப் பலதடவை பார்த்திருக்கிறாள். வீட்டில் அம்மு கட்டிலுக்கு அடியில் போனால் பவுன் வெளியே வரச்சொல்லி மணிக்கணக்கில் சுப், உட்டோ, பாஹர் ஆவோ என்று கத்திக்கொண்டிருப்பாள். பிள்ளை மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு உள்ளேயே கிடப்பாள். அப்படி அவள் காதில் என்னதான் சொல்கிறாய் என்று பவுன் ஒரு நாள் கேட்டேவிட்டாள். டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மும்தாஜ் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, ஒன்றுமில்லை, சும்மா என்றாள். மறைக்கிறாள் என்பது பவுனுக்கு நன்றாகத் தெரிந்தது. என்ன வசியம் பண்ணுகிறாளோ என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தாள். பிள்ளையைத் தன்னிடமிருந்து பிரிக்கிற வார்த்தை அது என்று முடிவுகட்டினாள்.

இப்படியே பன்னிரண்டு வருஷம் ஓடியது. அம்முவுக்குப் பதினெட்டு வயது. வேண்டியதைக் கேட்பாள், பெயர் சொல்வாள், துணி மடிப்பாள், காய் நறுக்குவாள். சொன்ன வேலையைச் சொன்ன மாதிரி செய்வாள். பள்ளிக்கூடத்தில் பெரிய பிள்ளைகளுக்கு இனி இடமில்லை; ஒவ்வொருவருக்கும் ஏதாவது வேலைக்கு ஏற்பாடு செய்ய ஸ்நேஹா டீச்சர் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினாள். பத்து இடத்தில் கையை விரித்தார்கள். கசார்வாடியிலேயே, நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டறையில், ஜெயந்த் சேட் என்பவர் பார்க்கலாம் என்றார். வண்டி உதிரிபாகங்களுக்கான போல்ட், நட்டு, வாஷர்களைப் பொட்டலம் போட்டு அனுப்புகிற இடம் அது.

டீச்சர் அம்முவுக்காக ஒரு பலகை செய்து கொடுத்தாள். அதில் போல்ட் அளவுக்கும் நட்டு அளவுக்கும் குழிகள் இருக்கும். குழியெல்லாம் நிறைந்ததும் அப்படியே கவரில் சரித்து ஒட்டவேண்டியதுதான். சுவரைப் பார்த்த மூலையில் மேஜை. மெஷின்காரர்கள் மாட்டுகிற காதுமூடி ஒன்று. ஒரு மாதம் பழகட்டும், முதலில் யாராவது கூட இருக்க வேண்டும், அப்புறம் சம்பளம் பேசலாம் என்றார் சேட். அம்மு இதில் நிலைத்தால் அவளுக்கென்று காலையில் கிளம்பிப்போக ஓர் இடம் இருக்கும். நிலைக்காவிட்டால் வீட்டில் கட்டிலும் கட்டிலுக்கு அடியும்தான். பவுனுக்கு அது நன்றாகத் தெரியும். தனக்கும் மாடசாமிக்கும் பிறகு என்ன என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தப் பட்டறையின் தகரக் கூரைதான் கண்ணில் வரும்.

கூட இருக்க டீச்சர் தேர்ந்தெடுத்தது மும்தாஜை. பவுன் விடுவாளா? பட்டறை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், பாவம் ஏரவாடாவிலிருந்து இரண்டு பஸ் மாறி அந்தம்மா எதற்கு அலைய வேண்டும், நானே இருந்துகொள்கிறேன் என்றாள். கேட்பதற்கு எவ்வளவு நல்ல பேச்சு. டீச்சரும் அதை நல்ல பேச்சாகவே எடுத்துக்கொண்டாள். முதல் இரண்டு நாளாவது வருகிறேனே என்று மும்தாஜ் கெஞ்சுகிற மாதிரி கேட்டாள். நஹி சாஹியே என்றாள் பவுன். சந்தையில் கத்திரிக்காயை ஒதுக்கிவைக்கிற அதே குரல். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் பிள்ளை முழுசாகத் தன்னிடம் இருக்கிறது என்று தோன்றியது.

முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. அம்மு குனிந்த தலை நிமிராமல் பலகையை நிரப்பினாள், சரித்தாள், ஒட்டினாள். இரண்டாவது வாரம் மின்வெட்டு தொடங்கியது. மகாராஷ்டிரா முழுக்க அந்த வருஷம் மின்வெட்டு. தினமும் மத்தியானம் கரண்ட் போகும். உடனே மேஜைக்குப் பின்சுவரை ஒட்டி வெளியே இருந்த ஜெனரேட்டரைப் போடுவார்கள். அது பேய்க் கூச்சல் போட்டுக்கொண்டு கிளம்பும். காதுமூடியெல்லாம் அதற்கு எம்மாத்திரம்? அம்மு பலகையைத் தட்டிவிட்டு மேஜைக்கு அடியில் பாய்ந்தாள். நட்டும் வாஷரும் தரையெல்லாம் சிதறி ஒன்றோடொன்று கலந்துபோயின. பவுன் குனிந்து, உட்டோ, சுப், பாஹர் ஆவோ என்று ஜெனரேட்டரைவிடப் பெரிதாகக் கத்தினாள். வேலைசெய்தவர்கள் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கரண்ட் வரும்வரை அம்மு வெளியே வரவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் மணிக்கட்டில் ரத்தம் வரக் கடித்துக்கொண்டாள். ஜெயந்த் சேட் கெட்ட மனிதர் இல்லை. கோபப்படவும் இல்லை. சரக்கு ஏற்ற வண்டி வெளியே நிற்கிறது, கலந்துபோனதை ஆள்வைத்துப் பிரிக்கிறேன், எத்தனை நாள் இப்படி முடியும் என்று கேட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு அம்மா வருவதாகத்தானே பேச்சு, அவர் என்ன ஆனார் என்றும் கேட்டார். பவுன் குனிந்து தரையில் கிடந்த வாஷர்களைப் பொறுக்கத் தொடங்கினாள். திங்கட்கிழமையும் இப்படியென்றால் மன்னித்துவிடுங்கள் என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை அம்முவை மாடசாமியிடம் விட்டுவிட்டுப் பவுன் ஏரவாடா பஸ் ஏறினாள். அந்தப் பஸ்ஸில் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். யாரை வேண்டாம் என்று கை காட்டினாளோ அவள் வாசலில் போய்க் கை ஏந்தவேண்டும். இரண்டு தடவை பாதி வழியில் இறங்கிவிடலாமா என்று எழுந்தாள். பிள்ளையின் மணிக்கட்டு ஞாபகம் வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

கதவைத் திறந்தது மும்தாஜின் மகள் ஷபானா. கல்லூரிக்குப் போகிற பெண். யாரென்று தெரிந்ததும் பவுனை மேலும் கீழும் பார்த்தாள். ஓ, நீங்கள்தான் அம்முவின் அம்மாவா, எங்கள் வீட்டில் விடிந்தால் பொழுதுபோனால் உங்கள் பெண் பேச்சுத்தான், அவள் இன்று சாப்பிட்டாள், அவள் இன்று சிரித்தாள், நான் பன்னிரண்டாவது பாஸ் செய்த அன்றுகூட அம்மு பொத்தான் போடக் கற்றுக்கொண்டதுதான் அம்மாவுக்குப் பெரிய செய்தி என்றாள். குரலில் இருந்தது என்ன என்று பவுனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பெண்ணை அவளுக்கு உடனே பிடித்துப்போயிற்று.

மும்தாஜ் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பவுன் நடந்ததைச் சொன்னாள். அவளுடைய இந்தியில் கெஞ்சுவதற்கு வார்த்தை இல்லை; ஆவோ, கல் ஆவோ, நாளைக்கு வா என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். மும்தாஜ் யோசிக்கவேயில்லை, வருகிறேன் என்று தலையாட்டினாள். அவ்வளவு சுலபமாக அவள் ஒப்புக்கொண்டதும் பவுனுக்கு அழுகை முட்டியது, ஆத்திரமும் வந்தது. அவள் காதில் என்ன சொல்கிறாய், எனக்கும் சொல்லித்தா என்று கேட்டாள்.

மும்தாஜ் தயங்கினாள். அப்புறம் சொன்னாள். அவள் சொன்ன இந்தியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

“பள்ளிக்கூடத்துக்கு வந்த மொத வாரமே அவ மேஜைக்கு அடியில போய் உக்காந்துட்டா. காதைப் பொத்திக்கிட்டு என்னமோ முணுமுணுத்துக்கிட்டே இருந்தா. டீச்சர் அதைச் சும்மா சத்தம்னு நெனைச்சாங்க. நான் கிட்டப் போய்க் கேட்டேன். ஒரே வார்த்தையைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றா. நானும் அதையே அவ காதுல சொன்னேன். வெளிய வந்துட்டா.”

என்ன வார்த்தை என்றாள் பவுன்.

தன் வீட்டுக்குள்ளேயே மும்தாஜ் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குரலைத் தணித்து, இழுத்து, “இந்தா ஆயிட்டு, ஆயிட்டு” என்றாள்.

உச்சரிப்பு கொஞ்சம் கோணலாக இருந்தது. ஆனால் இழுவை அச்சு அசலாகப் பவுனின் இழுவை. சீப்பு சிக்கில் மாட்டி இறங்குகிற இழுவை. பவுன் சுவரில் கைவைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

மும்தாஜ் பயந்துபோய் விளக்கம் சொல்லத் தொடங்கினாள். அர்த்தம் அவளுக்குத் தெரியாது. ஏதோ உங்கள் சாமி பெயர் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறாள். தமிழ் கூடாது என்று டீச்சர் ஆயாக்களிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தெரிந்தால் அம்முவின் பக்கத்திலேயே விடமாட்டார்கள் என்று பயம். உங்களிடமாவது சொல்லியிருப்பேன், ஆனால் பிஸ்கட்டையே போய்ச் சொன்னவர் நீங்கள், இதைச் சொல்லமாட்டீர்களா என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னாள்.

பவுனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பன்னிரண்டு வருஷமாக அவள் வயிறெரிந்தது தன் வார்த்தையைப் பார்த்துத்தான். பிள்ளையின் முதல் வார்த்தை பானி இல்லை. அதற்கு முன்னாலேயே அவள் பேசியிருக்கிறாள், தமிழில், தாயின் குரலிலேயே பேசியிருக்கிறாள். அதைக் கேட்டவள் மும்தாஜ் ஒருத்திதான். வீட்டில் கட்டிலுக்கு அடியிலும் சொன்னாளா என்று பவுன் தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். சொல்லியிருப்பாள். பவுன்தான் மேலே நின்று இந்தியில் கத்திக்கொண்டிருந்தாளே, எப்படிக் காதில் விழும்?

சாமி பேர் இல்லை, தலை சீவும்போது சொல்வது, வலி இதோ முடிந்துவிட்டது என்று அர்த்தம் என்று அவள் கையைக் காட்டி, முடியைக் காட்டி, எப்படியோ புரியவைத்தாள். மும்தாஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மும்தாஜ் வந்தாள். சேட் சொல்லியனுப்பியிருந்ததால் ஸ்நேஹா டீச்சரும் வந்திருந்தாள். பவுன் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், தலை சீவும்போது தான் விதியை மீறியதையும் சேர்த்து. அப்போது எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்றாள் டீச்சர். போன வருஷம் ஒரு பயிற்சிக்குப் போனபோது, தாய் எந்த மொழியில் பேசுகிறாளோ அதையே பிள்ளையிடம் பேசட்டும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை என்றார்களாம். கேட்டுக்கொண்டு வந்தாளாம். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் சொன்னாளாம். பவுனிடம் வந்து சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லையாம்.

“எங்கிட்ட யாரும் வந்து சொல்லலியே” என்றாள் பவுன், தமிழில். டீச்சருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலைகுனிந்தாள்.

மத்தியானம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கூச்சலிட்டுக் கிளம்பியது. அம்மு பலகையைத் தள்ளிவிட்டு மேஜைக்கு அடியில் பாய்ந்தாள். மும்தாஜுக்கு உடம்பு தானாகக் குனிந்தது, பாதியில் நிறுத்திக்கொண்டாள். பவுனைப் பார்த்தாள். பவுன் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்தாள்.

இந்த முறை அவள் ஒன்றும் பேசவில்லை. வாய்க்காரி, வாழ்க்கையில் முதல்தடவையாக வாயை மூடிக்கொண்டு பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். ஜெனரேட்டர் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அம்முவின் உதடு அசைந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறது என்று பவுனுக்குத் தெரிந்தது. காதோடு வாய் வைத்தாள்.

“இந்தா ஆயிட்டுட்டி. இந்தா ஆயிட்டு, ஆயிட்டு.”

அம்முவின் பல் மணிக்கட்டை விட்டது. அவள் தாயின் முகத்தை, அதிலும் வாயை, உற்றுப் பார்த்தாள். அப்புறம் தலையைப் பின்பக்கமாகத் திருப்பி, பின்னலைத் தாயின் கையில் கொடுத்தாள். பவுன் மேஜைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னினாள். பின்னி முடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் அம்மு தானாக எழுந்து வெளியே வந்தாள். ஜெனரேட்டர் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காதுமூடியை மாட்டிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து, பலகையை நிமிர்த்தி முதல் குழியில் ஒரு போல்ட்டை வைத்தாள். ஜெயந்த் சேட் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், வண்டிக்காரனிடம் இன்னும் அரை மணி நேரம் பொறு என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

பவுன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். ஜெயித்த முகத்தோடு மும்தாஜைத் தேடினாள். எத்தனை வருஷக் கணக்கு.

மும்தாஜ் தூணோரமாக நின்றிருந்தாள். சிரிக்கத்தான் பார்த்தாள். ஆனால் கண் அம்முவின் பின்னலை விட்டு நகரவில்லை. துப்பட்டா முனையை அவளே கையில் பிடித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பவுன் அந்த முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூட ஜன்னல் கண்ணாடியில் பன்னிரண்டு வருஷமாக அவள் பார்த்துவந்த தன் முகம்தான் அது.

ஜெயித்த களை பவுனிடமிருந்து வடிந்துவிட்டது. அவள் பெஞ்சில் அம்முவுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து, மறுபக்கத்தைக் கையால் தட்டினாள்.

“ஆவோ” என்றாள். “பைட்டோ.”

மும்தாஜ் வந்து உட்கார்ந்தாள். அம்மு பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையால் அவள் துப்பட்டா முனையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். பவுனுக்குச் சுருக்கென்றது. தள்ளி உட்காரவில்லை.